ரொக்கவேர்தே ஸ்டேஷன் கதவு

பலேர்மோ விமானநிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி மூக்கைப் பொத்தவில்லை. அதற்காகவே அவர் நூறாண்டு வாழட்டும். மூன்று பொலித்தீன் பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் போட்டு அடைத்து வந்திருந்த மன்னார்க் கருவாடு, அத்தனை காவலையும் மீறி மணந்துகொண்டு கிடந்தது. அவர் குனிந்து முகர்ந்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு முகரச் சொன்னார். பிறகு விரல்களைக் குவித்து உதட்டில் வைத்து ஒரு முத்தம் கொடுத்துக் காட்டி, பெட்டியை மூடி, போகச் சொன்னார். மீன் தெரிந்த ஊருக்குத்தான் வந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதே தைரியம் வந்துவிட்டது.

நான் ஊர் பார்க்க வந்தவள் அல்ல. என் தங்கச்சி ரெஜினா, துப்புரவு வேலைக்குப் போன வீட்டின் பளிங்குப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மூன்று கிழமை அவளுக்குச் சமைத்துப் போடுவதற்கு வந்தேன். அவள் இருப்பது நகரத்துக்குள் போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மேலே ஏறி முடித்தபோது என் காலுக்கும் யாராவது கட்டுப்போட்டுவிட்டால் நல்லது என்று தோன்றியது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. மன்னார் மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல், மாடுகளின் சூட்டுக்குறிப் பதிவேடு என் மேசையில்தான் கிடந்தது. எந்தப் பட்டிக்காரனுக்கு எந்தக் குறி, யார் யாருக்கு விற்றான், எந்தக் கட்டாக்காலி மாடு யாருடையது என்று தீர்ப்பது என் வேலை. சந்தையில் என்னைக் கண்டால் ‘மாட்டு மிஸ் வாறா’ என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை என்று சொன்னால் பொய்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே வீட்டின் பிரச்சினை என் முன்னால் வந்துவிட்டது. ரெஜினாவின் ஒரே மகள் பெனில்டா. இங்கேயே பிறந்து, இங்கேயே பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். மலைக்குள் இருக்கும் ரொக்கவேர்தே என்ற சின்ன ஊரில், ரயில் நின்றுபோன ஒரு பழைய ஸ்டேஷனை ஊராட்சிக்காரர்கள் காட்சிக்கூடம் ஆக்கிப் பார்க்கிறார்கள். அதற்குப் பொறுப்பாக ஆறு மாத ஒப்பந்தத்தில் இவளைப் போட்டிருந்தார்கள். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திறந்து காட்டும் நாள். சனம் வந்தால் காட்சிக்கூடம் நிலைக்கும், பெனில்டாவின் வேலையும் நிலைக்கும். வராவிட்டால் ஸ்டேஷனின் சரக்குக் கொட்டகையை இடித்து பஸ் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள்.

அப்படி ஆனால் அவளுக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. ரெஜினா இருபத்திரண்டு வருடமாகக் கூட்டித் துடைக்கிற வீட்டின் எசமானி, அந்தச் சிஞோரா, தாய்க்குக் கால் முறிந்த உடனேயே மகளைக் கேட்டிருந்தார். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து வரவேண்டும். ஞாயிறு பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“ஆறு மாசத்திலை அந்த ஸ்டேஷனுக்கு எத்தினை பேர் வந்தவை எண்டு கேளுங்கோ அக்கா,” என்றாள் ரெஜினா.

பெனில்டா சோற்றைப் பிசைந்தாள். பிறகு, வந்தவர்களில் பாதிப்பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள்தான் என்று அவளே ஒத்துக்கொண்டாள். தாயும் சிரித்தாள், மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்த பிள்ளை தாயின் துடைப்பத்தை வாங்கிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வேலை கேவலம் என்பதற்காக அல்ல. அந்த வேலையில் ரெஜினா தேய்ந்ததே ஒரு குடும்பத்துக்குப் போதும்.

இரண்டாம் நாள் சந்தைக்கு இறங்கினேன். போர்கோ வெக்கியோ சந்தை ஒரு தெருவுக்குள் அடங்கிவிடும், ஆனால் சத்தம் துறைமுகம்வரை கேட்கும். ஒருவன் கடலை மாவைக் களியாக்கி, மெல்லியதாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, பாண் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தான். பனெல்லே என்று பெயராம். வாயில் வைத்ததும், இது நம் கடலை வடையின் பெரியப்பா மகன் என்று கண்டுபிடித்துவிட்டேன். வெங்காயமும் பச்சைமிளகாயும் போட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த தட்டில் மாட்டு மண்ணீரலை வதக்கிப் பாணுக்குள் வைத்தார்கள். அதையும் விடவில்லை.

பெனில்டா என்னை ஒரு சீஸ் வானுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். வானுக்குச் சொந்தக்காரன் நீனோ. ஐம்பது வயது இருக்கும், தோள் அகலமானவன். ரொக்கவேர்தேயில் மாடு வைத்திருக்கிறான். சீஸைக் கயிற்றில் சோடி சோடியாகக் கட்டி வானுக்குள் தொங்கவிட்டிருந்தான். பஸ் கிடைக்காத நாளில் பெனில்டா இவனுடைய வானில்தான் வேலைக்குப் போவாளாம். ஒரு துண்டு வெட்டி என்னிடம் நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்லது என்று தலையாட்டினேன். தலையை நாம் இடமும் வலமுமாக ஆட்டுகிற ஆட்டு அவனுக்கு வேண்டாம் என்று விளங்கிவிட்டது. பாவம், இன்னொரு துண்டு வெட்டினான். அதையும் தின்று, இந்தமுறை மேலும் கீழுமாகச் சரியாக ஆட்டினேன்.

சனிக்கிழமை பெனில்டா தன் ஸ்டேஷனை எனக்குக் காட்டுவதாக இருந்தாள். ரெஜினாவுக்கு மத்தியானச் சாப்பாட்டை மூடிவைத்து, பக்கத்து வீட்டு மன்னார்க்காரப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினால், பஸ் வேலைநிறுத்தம். தரிப்பிடத்தில் ஒரு கிழவர் கடிகாரத்தைப் பார்த்து, ‘வெள்ளி வேலைநிறுத்தம், சனி வேலைநிறுத்தம், ஞாயிறு ஓய்வு. பஸ்காரனாய்ப் பிறந்திருக்கலாம்’ என்று புலம்பியதாகப் பெனில்டா மொழிபெயர்த்தாள். ஊரில் இருப்பதுபோல்தான் இருந்தது. கடைசியில் நீனோவின் வானில், சீஸ்களுக்கு நடுவில் ஏறினோம். வளைவு வந்த போதெல்லாம் ஒரு சோடி சீஸ் வந்து என் தலையில் குட்டிவிட்டுப் போனது.

மலைப்பாதையில் ஒரு மாட்டுக் கூட்டம் வழியை மறித்தது. செம்மண் நிறம், நீண்ட கொம்பு, கழுத்தில் வெண்கல மணி. நீனோ ஹோர்ன் அடிக்கவில்லை. எஞ்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். எனக்கு அந்த ஆளை அந்த நிமிடத்திலேயே பிடித்துப்போனது. நான் பழக்கதோஷத்தில் மாடுகளின் தொடையைப் பார்த்தேன். ஒரு குறியும் இல்லை. காதில் மஞ்சள் பிளாஸ்டிக் தகடுதான். முந்தி இரும்பால் குறிசுடவில்லையா என்று பெனில்டா மூலம் கேட்டேன். சுட்டார்கள், அப்பாவின் காலத்தோடு போய்விட்டது, அந்த இரும்பால் இப்போது நாங்கள் அடுப்பு கிளறுகிறோம் என்றான் நீனோ. அதோடு அந்தக் கதையை நான் விட்டுவிட்டேன்.

ரொக்கவேர்தே ஸ்டேஷன் ஊருக்குக் கீழே, ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கிறது. இங்கே ஓடிய ரயிலின் பாதை எங்களுடையதைவிட ஒடுக்கம். மலைக்குள் மேய்ந்த மாடுகளையும் கோதுமையையும் பலேர்மோவுக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை. லொறிகள் வந்ததும் ரயில் நின்றுவிட்டது, தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். எங்கள் மன்னார்ப் பாதையையும் போரில் கழற்றினார்கள். தண்டவாளத்தடிச் சிலிப்பர்க் கட்டை ஒன்று விடாமல் பதுங்குகுழிப் பங்கருக்குப் போனது. ஆனால் எங்களுக்குப் பாதை திரும்பி வந்தது, மீண்டும் ஓடத் தொடங்கிய நாட்களில் நானும் யன்னலோரம் இருந்து மடு றோட்டிலிருந்து தலைமன்னார்வரை ஒரு வேலையுமில்லாமல் போய் வந்தேன். இவர்களுக்கு அது வரவில்லை. அதனால் இந்த ஊரின்மேல் எனக்கு ஒரு பாசம் வந்தது.

பெனில்டா ஒவ்வொன்றாகக் காட்டினாள். நீராவி எஞ்ஜினுக்குத் தண்ணீர் விட்ட கல் தொட்டி. மாடு நிறுக்கும் இரும்பு மேடை, ஏறி நின்றால் இப்போதும் கிறீச்சிடுகிறது. வண்டியில் மாட்டை ஏற்றுகிற கல் சாய்தளம், குளம்பு பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருந்தது. பழைய சுரங்கப்பாதைக்குள் இப்போது நீனோ சீஸ் பழுக்கப் போடுகிறான். ரயில் போன இருட்டுக்குள் வரிசையாகச் சீஸ் தொங்குவதைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். ஸ்டேஷன் அறைக்குள் தொப்பி, விளக்கு, டிக்கெட் பெட்டி, புகைப்படங்கள். எல்லாவற்றின் கீழும் பெனில்டா தன் கையால் எழுதிய அட்டைகள். பிள்ளை உயிரைக் கொடுத்துச் செய்திருந்தாள். புத்தகத்தில் ஒரு பெயராவது இருக்கிறதா என்று வருகையாளர் பதிவைப் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கிழமை முழுவதும் ஒரே ஒரு ஜெர்மன்காரர்.

மத்தியானம் வெளியே வெயிலில் இருந்து, நீனோ கொடுத்த சூடான ரிக்கோத்தாவைப் பாணில் பூசித் தின்றுகொண்டிருந்தோம். கட்டிப்படாத பால்கட்டி அது, கரண்டியால் அள்ள வேண்டும். அப்போதுதான் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. இரண்டு பேர் மரம் உராயும் மெஷினையும் பச்சைப் பெயின்ற் வாளியையும் இறக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மெல்லிய மனிதர், வெயிலிலும் கழுத்துப்பட்டியோடு. ஊராட்சியில் இந்த வேலைகளைப் பார்க்கிற இன்ஜினியர் என்று பெனில்டா காதுக்குள் சொன்னாள். அவள் வேலை அவர் கையில். நாளைக்கு மேயர் வருகிறார், சரக்குக் கொட்டகையின் கதவு அசிங்கமாக இருக்கிறது, உராய்ந்து பெயின்ற் அடிக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரம், தடித்த பலகை. அதன்மேல் எங்கும் கறுப்புக் கறுப்பாய்ச் சுட்ட தழும்புகள். வட்டத்துக்குள் ஒரு சிலுவை. ஒரு சீப்பு. பூட்டுத் திறப்பு மாதிரி ஒன்று. பிறை, பிறைக்குக் கீழே ஒரு கோடு. சில ஆழமாய்க் கருகி, சில கோப்பி நிறத்தில். தின்றுகொண்டிருந்த பாண் கையிலேயே நின்றுவிட்டது. என் பதிவேடு எழுந்து நின்றுகொண்டிருந்தது அங்கே.

குறிசுடத் தெரிந்தவன் காய்ந்த இரும்பை நேரே மாட்டில் வைக்க மாட்டான். முதலில் ஒரு மரத்தில் வைத்துப் பார்ப்பான். பலகை கருகிப் புகைந்தால் சூடு கூடிவிட்டது, மாட்டுக்குப் புண் வைக்கும். கோப்பி நிறத்தில் பதிந்தால் சரி. எங்கள் பக்கத்தில் பட்டிக் கதவு ஒவ்வொன்றிலும் இந்தத் தழும்பு இருக்கும். இங்கே, வண்டியில் பல வீட்டு மாடு கலந்து ஏறப் போகிறது. குறி இல்லாத மாட்டை ஏற்றுவதற்கு முன் இந்த இடத்தில் வைத்துத்தான் சுட்டிருப்பார்கள். காய்ச்சிய இரும்பையெல்லாம் இந்தக் கதவில்தான் சோதித்திருப்பார்கள்.

நான் எழுந்து போய் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். மெஷின்காரர்கள் இன்ஜினியரைப் பார்த்தார்கள். இன்ஜினியர் பெனில்டாவைப் பார்த்தார். ‘இந்த அம்மாவை நகரச் சொல்லுங்கள், இது நாடோடிகள் கிறுக்கியது’ என்றாராம். நான் தமிழில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பெனில்டாவின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. அப்போதுதான் நான் யாருடைய சோற்றில் கைவைக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பெரியம்மா, உங்களுக்கு இது நிச்சயமோ?”

“முப்பத்தொரு வருசம் பிள்ளை.”

“அப்ப தள்ளுங்கோ. இனி நான் கதைக்கிறன். இது என்ர வேலை.”

அவள் கதைத்தாள். கையைக் காலை ஆட்டாமல், குரலை உயர்த்தாமல் கதைத்தாள். இன்ஜினியர் இரண்டுமுறை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் தோளைக் குலுக்கிவிட்டு, மெஷினை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். நாளை மத்தியானம்வரை தவணை கேட்டிருக்கிறாள். ஊரில் ஒருவராவது வந்து இது எங்கள் குறி என்று சொல்லாவிட்டால், கதவைத் தானே உராய்ந்துவிட்டு வேலையை விட்டுப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். துணிந்த பிள்ளைதான், ஆனால் தோற்றால் என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன்.

சாட்சிக்கு ஆள் தேடி எங்கும் போகத் தேவையில்லை, நீனோ இருக்கிறானே என்று அவனைக் கூப்பிட்டோம். அவன் வந்து பார்த்தான். ஒவ்வொன்றாய் விரலால் தடவினான். பிறையும் கோடும் இருந்த இடத்தில் விரல் நின்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எங்கள் பதிவேட்டில் குறிக்குக் கீழே கோடு போட்டால் அது கழித்த குறி. பட்டியை முழுதாய் விற்றுவிட்டான், இனி அந்தக் குறிக்கு மாடு இல்லை என்று அர்த்தம். அலுவலகக் கதிரையில் இருந்து தீர்ப்புச் சொல்கிற அதே குரலில், “இந்தக் குடும்பம் மாடெல்லாத்தையும் வித்துப்போட்டுது எண்டு சொல்லு,” என்றேன். பெனில்டாவும் யோசிக்காமல் சொன்னாள்.

நீனோவின் முகம் கல்லாகியது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். வானில் ஏறிப் போய்விட்டான்.

அது அவன் வீட்டுக் குறி. அந்த மலையில் ஒருவனைக் கள்ளன் என்று சொன்னாலும் பொறுப்பானாம், பட்டியை விற்றவன் என்றால் பொறுக்க மாட்டானாம். பெனில்டா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். கையிலிருந்த ஒரே சாட்சியை நானே விரட்டிவிட்டேன். பஸ்ஸும் இல்லை, வானும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ரெஜினாவைப் பார்க்கச் சொல்லிப் போன் பண்ணிவிட்டு, ஸ்டேஷன் அறையின் நீள மர வாங்குகளிலேயே இரவைக் கழித்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, கதவிலிருந்த குறிகளை ஒவ்வொன்றாக ஒரு கொப்பியில் வரைந்துகொண்டிருந்தாள். நாற்பத்துமூன்று இருந்தன. எந்தப் பலகையில், தரையிலிருந்து எத்தனை சாண் உயரத்தில் என்றுகூட எழுதினாள். நாளைக்கு உராயப்போகிற கதவுதானே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். நல்லகாலம், ஒருமுறையாவது வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிவரை ஒருவரும் வரவில்லை. பெனில்டா தண்ணீரால் முகத்தைக் கழுவி, வாசலில் ஒரு மேசை போட்டு, அதில் வருகையாளர் புத்தகத்தை விரித்துவைத்துவிட்டு நின்றாள். மேலே கோவிலில் பூசை முடிந்த மணி அடித்தது. இன்ஜினியர் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த நேரம் நான் மாதாவிடம் கேட்ட மன்றாட்டைப் போர்க்காலத்தில்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் சத்தம் கேட்டது. மேலேயிருந்து இறங்குகிற பாதையில் முன்னுக்கு நீனோ வந்தான். அவனுக்குப் பின்னால் அவன் அண்ணன், அண்ணனின் மகன்கள், சித்தப்பா, மாமி. அவர்களுக்குப் பின்னால் பூசை முடிந்த ஊர். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி ஸ்டேஷனில் இருந்துகொண்டு நீனோவின் வீட்டார் பட்டியை விற்றுவிட்டார்கள் என்கிறாளாம் என்ற செய்தி, இரவோடிரவாக வீடு வீடாய்ப் போயிருக்கிறது. ஆறு மாதமாக அட்டை எழுதி, நோட்டீஸ் ஒட்டி, கையைப் பிடித்து இழுத்தும் வராத சனம், என் வாய்க்கொழுப்பைக் கேட்டு ஒரே காலையில் திரண்டு வந்தது.

நீனோவின் கையில் இரண்டு இரும்புகள் இருந்தன. ஒன்று அடுப்புக் கரி படிந்தது. மற்றது அண்ணன் வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாளாய்க் கிடந்ததாம். அவன் நேரே என்னிடம் வந்தான்.

“பார், சிஞோரா,” என்றான், பெனில்டா தமிழாக்கினாள். “எந்தத் தலைமுறையிலும் வெறும் பிறை மூத்தவனுக்கு. கோடு போட்ட பிறை இளையவனுக்கு. நாங்கள் பட்டியை விற்கவில்லை, பிரித்துக்கொண்டோம்.”

சொல்லிவிட்டு, காய்ச்சாத தன் இரும்பைக் கதவில் கோடு போட்ட பிறையின் தழும்பில் வைத்தான். அது பள்ளத்துக்குள் போய் அப்படியே பொருந்தியது. கையை எடுத்தான். இரும்பு விழவில்லை, ஒரு கணம் அங்கேயே நின்றது.

முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் நான் பிழை ஒத்துக்கொண்டது கிடையாது. அன்று ஒத்துக்கொண்டேன். “என்ர பிழை தம்பி. எங்கடை ஊர்ச் சட்டத்தை உங்கடை கதவிலை வாசிச்சுப்போட்டன்.” பெனில்டா சொல்லி முடித்ததும் நீனோ என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். எங்கள் ஊர்ச் சனம் பார்க்கவில்லை என்பதால் நானும் பேசாமல் நின்றேன்.

அதற்குப் பிறகு கதவடியில் நிற்க இடமில்லை. சனம் வீட்டுக்கு ஓடி ஓடி இரும்பு கொண்டுவந்தது. ஒருவர் வீட்டில் அது திராட்சைக் கொடிக்கு முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறது. இன்னொருவர் வீட்டில் அதில் தக்காளிக் குலை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பெண் தன் இரும்பைக் குழந்தை தள்ளுவண்டியில் வைத்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் பெனில்டாவைத்தான் கேட்டார்கள். அவள் கொப்பியைப் புரட்டி, சீப்பா, இடப்பக்கம், நான்காம் பலகை, நெஞ்சளவு உயரம் என்று சொல்ல, அவர்கள் போய் வைத்துப் பார்த்து, பொருந்தியதும் கைதட்டினார்கள். இத்தனை நாளும் கழிப்பறைக்கு வழி சொன்ன பிள்ளை, அன்று அந்த ஊருக்கே அதன் பாட்டன்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. துடைக்கவில்லை.

கடைசியாக ஒரு சின்ன உருவம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. இன்ஜினியரின் தாய். சமையலறைத் துவாயில் சுற்றிய ஒரு இரும்பு கையில். நீட்டிய மகனின் கையைத் தாண்டிப் போய் அதைப் பெனில்டாவிடம் கொடுத்தார். வட்டத்துக்குள் சிலுவை. பெனில்டா கொப்பியைப் பார்க்கவில்லை. கதவின் கீழ்ப்பக்கம், பிணைச்சலுக்கு அருகே முழங்காலிட்டு வைத்தாள். பொருந்தியது. தாய் மகனைத் திரும்பிப் பார்த்து இரண்டே வார்த்தை சொன்னார். என்ன என்று பெனில்டாவைக் கேட்டேன். ‘நாடோடிகளாம், இல்லையா?’

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குனிந்து அந்தத் தழும்பைத் தொட்டார். பிறகு அவரே போய் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்து லொறியில் ஏற்றினார். மனிதர் அவ்வளவு கெட்டவர் அல்ல. தன் வீட்டுக் கதை தெரியாமல் வளர்ந்தவர், அவ்வளவுதான்.

மேயர் ஒரு பெண்மணி. மத்தியானம் வந்து, நீனோ வெட்டிக்கொடுத்த சீஸைத் தின்றுகொண்டே அரைமணிநேரம் கதவின் முன்னால் நின்றார். கொட்டகை நிற்கும் என்றார். இரும்புகளையெல்லாம் உள்ளே தொங்கவிட இடம் செய்ய வேண்டும் என்றார். பெனில்டாவைத் தனியே கூப்பிட்டு, நாளைக் காலை வந்து இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். பெனில்டா அதைக் கேட்டு ஓம் ஓம் என்று தமிழில் தலையாட்டினாள். மேயருக்கும் அது விளங்கியது.

பின்னேரம் நீனோவின் வானில் பலேர்மோவுக்கு இறங்கினோம். இந்தமுறை என்னை முன் ஆசனத்தில் வைத்தான். சீஸ் தலையில் குட்டவில்லை, ஆனால் மடியில் ஒன்று கிடந்தது, காசு வாங்க மறுத்துவிட்டான்.

மூன்றாம் மாடிக்கு நான் மூச்சிரைக்க ஏறி வந்தபோது, முன்னுக்கு ஓடிப்போன பெனில்டா எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். ரெஜினா கட்டுப்போட்ட காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள்.

“அக்கா, நான் வெள்ளிக்கிழமையே சிஞோராவுக்குச் சொல்லிப்போட்டன். பிள்ளை வருவாள் எண்டு.”

பயத்தில் சொன்னாளாம். இரண்டும் இல்லாமல் போய்விடுமே என்ற பயம். எனக்குக் கோபம் வந்தது, உடனே போயும்விட்டது. இருபத்திரண்டு வருடம் ஒரு வீட்டில் ‘சீ, சிஞோரா’, ஓம் அம்மா ஓம் அம்மா என்று மட்டும் சொல்லிப் பழகிய வாய் அது. மேசையிலிருந்த போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலக்கத்தை அழுத்தினாள்.

அடுத்த பக்கத்தில் சிஞோராவின் குரல் நீளமாகக் கேட்டது. ரெஜினா நடுவில் புகுந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் சொன்ன முதல் இரண்டு சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“நோ, சிஞோரா.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. ரெஜினா இன்னும் ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். ‘என் மகளுக்கு ஸ்டேஷனில் வேலை’ என்று சொன்னாளாம். ரயிலே இல்லாத ஸ்டேஷன் என்று சிஞோராவுக்குத் தெரியாது. ரெஜினாவும் அதைச் சொல்லவில்லை.

பெனில்டா தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டுப்போட்ட கால் இடிபட, ரெஜினா வலியில் முனகிக்கொண்டே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“பசிக்குது அக்கா. கருவாடு மிச்சம் கிடக்கோ?”

வாளியைத் திறந்தேன். மூன்று மாடியும் மணத்தது.